நாலு கிலோ மரணம்

போன் அலறியது.

காலை ஏழு மணி. இன்ஸ்பெக்டர் அழகியநாயகி முதல் தோசையை அப்போதுதான் பிய்த்திருந்தாள்.

"மேடம், பிபின் பேசுதேன்." ஸ்டேஷன் கான்ஸ்டபிளுக்கு மூச்சு வாங்கியது. "யூனிவர்சிட்டி ஸ்டேடியத்துல ஒரு பாடி கெடக்கு."

"யாருக்க பாடி?"

"உடற்கல்வி டைரக்டர் ஞானதாசன் சாரு. பின்மண்டை பொளந்து கெடக்கு. பக்கத்துல இரும்புக் குண்டு. போட்டியில எறிவாங்கல்லா, அந்தக் குண்டு."

அழகியநாயகி தோசையைப் பார்த்தாள். ஞானதாசனை நினைத்தாள். தோசைக்காகத்தான் வருத்தப்பட்டாள்.

காரணம் இருந்தது...

பதினெட்டு வருடங்களுக்கு முன் அவளும் அதே மைதானத்தில் கோ-கோ ஆடியவள். அகில இந்தியப் போட்டிக்கான பட்டியலில் இருந்து அவள் பெயரை அடித்தவர் இந்த ஞானதாசன். 'கட்டிக் குடுக்கப் போற பிள்ளைக்கு டெல்லி என்னத்துக்கு?' என்று கேட்டார். அவள் அப்பாவும் அதற்குத் தலையாட்டினார். டெல்லியை அவள் இன்றுவரை பார்க்கவில்லை.

ஆள் போனதில் அவளுக்கு ஒரு சொட்டுத் துக்கமும் இல்லை. ஆனாலும் கொலை கொலைதான்.

ஜீப் கிளம்பியது.

* * *

தென்குமரிப் பல்கலைக்கழக ஸ்டேடியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நாகர்கோவிலுக்கு வெளியே, நன்றாக நெல் விளைந்துகொண்டிருந்த நாலு வயலை மண் போட்டு மூடிக் கட்டியது. இதுவரை மூன்று திறப்பு விழா, மூன்று கல்வெட்டு. நாலாவது திறப்பு விழா இன்று மாலை நாலு மணிக்கு! 'செயற்கை ஓடுதளம் விரைவில்' என்ற போர்டு ஒன்பது வருடமாக வாசலில் நிற்கிறது. போர்டு துருப்பிடித்துவிட்டது. ஓடுதளத்தைக் காணோம்.

ஃபுட்பால், ஹாக்கி, கோ-கோ, கபடி, வாலிபால், தடகளம்... ஆறு அணிகள். ஆறுக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை. அதன் சாவி டைரக்டரின் இடுப்பில். டைரக்டர் ஊரில் இல்லாத நாட்களில் ஆறு அணியும் அடக்கிக்கொண்டு ஆடும்.

இன்றைக்கு டைரக்டர் ஊரில்தான் இருந்தார்.

குண்டு எறியும் வட்டத்துக்குள் குப்புறக் கிடந்தார்!

வெள்ளை ட்ராக் சூட். கழுத்தில் தங்க முலாம் பூசிய விசில். கையில் காலடிகளை எண்ணும் ஸ்மார்ட் வாட்ச். ஓடியே முப்பது வருடம் ஆன மனிதர், காலையில் தனியாக நாலு சுற்று நடந்துவிட்டு அந்த எண்ணை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பதில் போடாதவர்களைக் குறித்து வைத்துக்கொள்வார்.

பக்கத்தில் நாலு கிலோ குண்டு. பெண்கள் எறிகிற எடை. அதில் பச்சை டேப் ஒட்டி, மேலே 'ஷை' என்று ஒரு எழுத்து.

"நீங்கதான் மொதல்ல பாத்தியளா, அண்ணாச்சி?"

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற ஆறுமுகப்பெருமாள் வாளியோடு நின்றார்.

"ஆமாம்மா. ஆறரை மணி இருக்கும். கோடு போடலாம்னு வந்தா, இவரு கெடக்காரு."

"ஆறு நாப்பது." பின்னாலிருந்து ஒரு குரல் திருத்தியது. "அண்ணாச்சி எனக்குப் போன் பண்ணினது ஆறு நாப்பத்தொண்ணு."

அழகியநாயகி திரும்பினாள்.

ஐம்பத்தெட்டு வயது. ஒட்ட வெட்டிய முடி. கழுத்தில் ஸ்டாப்வாட்ச். கண்கள் முறைப்படி கலங்கியிருந்தன.

"நான் ஜாஸ்பர். துணை டைரக்டர். இந்த மாவட்டத்துல எந்த மீட் நடந்தாலும் நான்தான் டைம் கீப்பர்."

"நான் வந்து இருபது நிமிஷம் ஆச்சு. இப்பதான் உங்களைப் பாக்குதேன்."

"பதினேழு நிமிஷம், மேடம்."

அழகியநாயகி நோட்டைத் திறந்தாள். மாமியார் வீட்டிலும் இப்படி ஒரு ஆள் உண்டு.

"டைரக்டருக்கு ஆகாதவங்க யாராவது உண்டா?"

ஜாஸ்பர் தயங்கினார். தயங்கியதைப் பார்த்தார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அந்தக் குண்டு ஷைஜாவுக்க குண்டு. நேத்து சாயங்காலம் எல்லாருக்கும் முன்னாடி சாரைப் பாத்துச் சொன்னா. 'உங்க தலையில குண்டைத் தூக்கிப் போடுவேன்'னு. இவ்வளவு சொல்லவே எனக்கு மனசு வரல்ல."

மனசு வராததைத்தான் அவர் மூன்று பேரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

போலீஸ் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"பின்னாலேருந்து ஒரே அடி. உயிர் உடனே போயிருக்கும்."

"எப்ப?"

"அஞ்சுக்கும் ஆறரைக்கும் இடையில. அதுக்கு மேல சொல்ல நான் ஜோசியக்காரன் இல்ல."

அழகியநாயகி ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றிக் கவரில் போட்டாள். ஜாஸ்பர் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவரை அவர் பார்க்கவில்லை.

"பிபின், இதை நீயே சைபர் செல்லுக்குக் கொண்டு போ. இதய நாடி வரைக்கும் எண்ணுத வாட்ச் இது. எப்ப எண்ணுறதை நிறுத்திச்சுன்னு கேளு. வெளிய ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத."

* * *

ஷைஜாவை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் காற்றுப் போன பந்துகள்.

இருபத்தொரு வயது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அழுது முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து டைரக்டர்கிட்ட என்ன சொன்ன?"

"தலையில குண்டைத் தூக்கிப் போடுவேன்னு சொன்னேன், மேடம்."

"எத்தனை பேரு கேட்டாங்க?"

"கபடி டீமு முழுசா. ஹாக்கி டீமு பாதி."

"ஒளிச்சு மறைச்சுப் பேச உனக்குத் தெரியாதா பிள்ளே?"

"இல்ல மேடம்."

"எதுக்குச் சொன்ன?"

"நாளைக்குக் காலத்த புவனேஸ்வருக்கு டீமு போவுது. அகில இந்திய மீட். நான் பதிமூணு மீட்டர் எறிவேன். எனக்க பேர அடிச்சிட்டு, எட்டு மீட்டர் எறியுத ஒருத்திக்க பேர எழுதிட்டாரு. அவளுக்க அப்பா யூனிவர்சிட்டி சிண்டிகேட் மெம்பரு." காற்றுப் போன பந்து ஒன்றைக் காலால் தள்ளினாள். "எனக்கு இது கடைசி வருசம். இதுல மெடல் வந்தாதான் ரெயில்வேயில கூப்பிடுவாங்க. இல்லைன்னா வீட்டுல எனக்கு மாப்பிள பாக்க ஆரம்பிச்சிருவாவ."

"பேரை அடிச்சதுக்கு என்ன காரணம் சொன்னாரு?"

"கட்டிக் குடுக்கப் போற பிள்ளைக்கு புவனேஸ்வர் என்னத்துக்குன்னு கேட்டாரு."

அழகியநாயகிக்குக் காது சூடேறியது.

பாவி... பதினெட்டு வருடத்தில் வசனத்தைக்கூட மாற்றவில்லை! ஊரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான்!

"குண்டு உனக்கதா?"

"எனக்கதுதான். நேத்து சாயங்காலம் இந்த ரூம்லதான் வச்சிட்டுப் போனேன். சாவி டைரக்டர் சாருகிட்டயும் ஜாஸ்பர் சாருகிட்டயும்தான் இருக்கும்."

"நீ குண்டை வீட்டுக்குக் கொண்டு போவேன்னு ஜாஸ்பர் சொல்லுதாரு."

"நாலு கிலோ இரும்பைச் சுமந்துகிட்டா பஸ்ஸுல போவாங்க, மேடம்?"

நியாயம்தான். ஆனால் நியாயத்தை எந்த மாஜிஸ்ட்ரேட்டும் ரேகை நிபுணரின் அறிக்கைக்கு மேலே வைப்பதில்லை. குண்டில் இருந்தது ஷைஜாவின் விரல் ரேகை மட்டும்.

"காலையில எப்ப வந்த?"

"அஞ்சரை பஸ். ஆறே காலுக்கு கேட்டுக்குள்ள வந்தேன். கேலரிக்குப் பின்னாடி படி ஏறி எறங்கிட்டு நின்னேன். வட்டத்துப் பக்கம் வரவே இல்ல."

அவள் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணச்சீட்டு. மணவாளக்குறிச்சி நிறுத்தம். நேரம் 5.31.

அழகியநாயகி அதை இரண்டு முறை படித்தாள்.

ஆறே காலுக்கு வந்தவள், ஆறரைக்குள் அடித்திருக்கலாம். டாக்டரின் ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்தக் கால் மணி நேரமும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. டிக்கெட் இவளைக் காப்பாற்றாது.

"மேடம்..." ஷைஜா கேட்டாள். "நாளைக்கு ட்ரெயின் ஏழு மணிக்கு. விட்டுருவியளா?"

அழகியநாயகி டிக்கெட்டை நோட்டுக்குள் வைத்துவிட்டு எழுந்தாள். பொய் சொல்ல அவளுக்குப் பிடிக்காது.

* * *

பத்தரை மணி.

வெளியே வந்தவளை ஸ்டேடியத்தின் வாசல் வரவேற்றது. வரவேற்பு வளைவுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ். எட்டடிக்குப் பத்தடி. ஈரமான மை வாசனை போகவில்லை.

கண்ணீர் அஞ்சலி!

'விளையாட்டுத் துறையின் விடிவெள்ளி, எங்கள் அன்பு இயக்குநர் ஞானதாசன் அவர்கள் இன்று காலை 5.42 மணிக்குக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிரிவால் வாடும்: ஜாஸ்பர், துணை இயக்குநர்.'

பின்மண்டை பிளந்தவனுக்கு நித்திரையாம்! செத்தவரின் படம் ஒரு தட்டு அளவுக்கு. வாடுகிறவரின் படம் ஆளுயரத்துக்கு, கூலிங் கிளாஸ் வேறு.

இந்த ஊரில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வந்துவிடும். பிணத்தை எடுக்க ஆள் கிடைக்காது, கட்டுக்கம்பி பிடிக்கப் பத்துப் பேர் ஓடி வருவார்கள்.

"மேடம், ஒரு நிமிஷம்."

பதிவாளர் ஹரிகுமார். பட்டு வேட்டியோடு இருந்தார். விழாவுக்குக் கட்டியது.

"நாலு மணிக்கு அமைச்சர் வாறாரு. அதுக்குள்ள அந்தப் பிள்ளையை அரெஸ்ட் பண்ணிட்டா நல்லது. 'குற்றவாளி பிடிபட்டாச்சு'ன்னு ஒரு வரி பேச்சுல சேத்துக்கிடலாம்."

"விழாவைத் தள்ளி வைக்கக் கூடாதா, சார்?"

"கல்வெட்டுல இன்னைக்குத் தேதியில்லா வெட்டியிருக்கு, மேடம்."

"செத்தது உங்க டைரக்டர்."

"அதுக்குத்தான் ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி வச்சிருக்கோமே. நிகழ்ச்சி நிரல்ல ரெண்டாவது. நாதஸ்வரத்துக்கு அடுத்தாப்புல."

அழகியநாயகி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வேட்டி கசங்கவில்லை. ஆள்தான் கொஞ்சம் கசங்கினார்.

"மூணரை வரைக்கும் டைம் குடுங்க. இல்லைன்னா அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

* * *

மூன்றுக்கு இன்னும் பத்து நிமிடம்.

பிபினின் போன் வந்தது.

"மேடம், வாட்சைத் திறந்துட்டாங்க. அஞ்சு இருபத்தெட்டுக்கு நடக்க ஆரம்பிச்சிருக்காரு. ரெண்டாயிரத்து நூத்திச் சொச்சம் அடி. அதுக்கப்புறம் நாடி இல்ல."

"கடைசி நாடி எப்ப?"

"அஞ்சு நாப்பத்திரண்டு."

அழகியநாயகி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

5.31-க்கு மணவாளக்குறிச்சியில் டிக்கெட் எடுத்தவள், 5.42-க்குத் திங்கள்சந்தை ரோட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நாகர்கோவிலில் ஒருவன் தலையில் குண்டு போட எந்தக் கொம்பனாலும் முடியாது!

அந்தப் பிள்ளை தப்பித்தாள். அழகியநாயகி டிக்கெட்டை எடுத்து இன்னொரு முறை படித்தாள். பத்திரமாக மடித்து வைத்தாள்.

சரி... அப்படியானால் யார்?

அஞ்சு நாப்பத்திரண்டு. அஞ்சு நாப்பத்திரண்டு. இந்த எண்ணை எங்கேயோ பார்த்தோமே...

சட்டென்று எழுந்தாள். ஸ்டூல் கவிழ்ந்தது.

வாசலுக்கு ஓடினாள். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கால்கள், கோ-கோ கால்கள்!

ஃப்ளெக்ஸ் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. கூலிங் கிளாஸ் சிரித்தது. மூன்றாவது வரி அசையாமல் நின்றது.

*இன்று காலை 5.42 மணிக்கு...*

ஃப்ளெக்ஸின் கீழ் மூலையில் கடையின் போன் நம்பர். அழுத்தினாள்.

"ஜினோ டிஜிட்டல்ஸ்."

"இன்ஸ்பெக்டர் பேசுதேன். ஸ்டேடியத்துல கட்டியிருக்க அஞ்சலி ஃப்ளெக்ஸ் நீ அடிச்சதுதானா?"

"ஆமா மேடம். ஏதாவது தப்பா?"

"நேரம் யாரு சொன்னது?"

"அதுவா?" ஜினோ அலுத்துக்கொண்டான். "ஊரு பூரா ஆறு நாப்பதுன்னுதான் சொல்லுது. அதைத்தான் நானும் போட்டு டிசைனை அனுப்பினேன். ஜாஸ்பர் சாரு திருத்திட்டாரு. அவருக்கு எல்லாத்துலயும் திருத்தம்தான், மேடம். போன கோயில் கொடைக்கு ஒரு ஃப்ளெக்ஸ்ல நாலு தடவை நேரத்தை மாத்தினாரு."

"எழுதி அனுப்பினாரா?"

"இல்ல, வாய்ஸ் மெசேஜு. கெடக்கு. அனுப்பட்டா?"

"அனுப்பு மக்கா," என்றாள் அழகியநாயகி. வாழ்க்கையில் ஒரு ஃப்ளெக்ஸ்காரனிடம் அவள் இவ்வளவு பாசமாகப் பேசியதில்லை.

* * *

மணி மூன்று இருபது.

மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மௌன அஞ்சலிக்கு ஒத்திகை!

ஆறு அணிகளும் வெயிலில் தலை குனிந்து நின்றன. மைக் முன்னால் ஜாஸ்பர். கட்டைவிரல் ஸ்டாப்வாட்ச் மேல். இன்று காலையிலிருந்து அவர் பொறுப்பு இயக்குநர். நடை கூட மாறியிருந்தது.

அழகியநாயகி படியேறினாள்.

"ஒரு நிமிஷம் ஆயிட்டா, சார்?"

"நாப்பத்தாறு செகண்ட்தான் ஆயிருக்கு, மேடம். தயவுசெஞ்சு..."

"மீதிப் பதினாலு செகண்டை நான் எடுத்துக்கிடுதேன். டைரக்டர் எப்ப செத்தாரு?"

"அது போலீஸ்லா சொல்லணும்."

"நீங்க சொல்லிட்டீங்களே, சார். எட்டடிக்குப் பத்தடியில."

ஜாஸ்பரின் விரல் ஸ்டாப்வாட்சை விட்டு விலகியது.

"அது டாக்டர் சொன்ன நேரமா இருக்கும்..."

"டாக்டர் ஒன்றரை மணி நேரத்தைச் சொன்னாரு. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. அண்ணாச்சி பாத்தது ஆறு நாப்பது. திருத்தினதே நீங்கதான். நாடி நின்ன நிமிஷம் எங்களுக்கே இப்பதான் தெரியும். வாட்ச் சொல்லிச்சு."

"வாட்சா?"

"அவரு கையில கெடந்தது. காலடியை எண்ணும், நாடியையும் எண்ணும். அதோட நேரமும் உங்க நேரமும் ஒண்ணுபோல இருக்கு. ஒரு நிமிஷம்கூட முன்னப்பின்ன இல்ல."

அவள் போனை மைக் முன்னால் பிடித்தாள். ஸ்டேடியத்தின் எட்டு ஒலிபெருக்கிகளிலும் ஜாஸ்பரின் குரல் கேட்டது.

*"ஜினோ, நேரம் தப்பு. ஆறு நாப்பது இல்ல, அஞ்சு நாப்பத்திரண்டு. கரெக்டாப் போடு மக்கா. சாவு விஷயத்துல தப்பு வரப்பிடாது."*

கபடி டீமில் யாரோ விசிலடித்தார்கள்.

ஜாஸ்பர் மேடையின் விளிம்பைப் பார்த்தார். ஓடலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. கீழே ஷைஜா வந்து நின்றுகொண்டிருந்தாள். அகலமான தோள்கள். ஜாஸ்பர் யோசனையைக் கைவிட்டார்.

"பதினாலு வருஷம், மேடம்." மைக் அணைக்கப்படவில்லை. ஊருக்கே கேட்டது. "துணை, துணை, துணை. அவரு முப்பதாம் தேதி ரிட்டயர் ஆவணும். நேத்து சாயங்காலம் நாலு பத்துக்கு எக்ஸ்டென்ஷன் ஆர்டர் வந்துட்டு. ரெண்டு வருஷம். அந்தாளுக்கு ரெண்டு வருஷம் குடுத்தா, எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

"அதுக்கு அந்தப் பிள்ளையை மாட்டி விடுவீங்களா?"

"அவதான் சொன்னா, குண்டைப் போடுவேன்னு. ஸ்டோர்ல இருந்து துணியைச் சுத்தித்தான் எடுத்தேன். கிழக்கு மதில் இடிஞ்ச வழியா வந்தேன். எல்லாம் கரெக்டாத்தான் பண்ணினேன்."

"கரெக்டாப் பண்ணினதுதான் சார் தப்பு. அடிச்ச கையோட மணி பாத்தீங்களா?"

"பாக்காம இருக்க முடியல்ல, மேடம்," என்றார் ஜாஸ்பர் பரிதாபமாக. "பழக்கம்."

பிபின் விலங்கை மாட்டினான்.

பதிவாளர் ஹரிகுமார் வேர்த்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மேடம், அமைச்சர் தோவாளை தாண்டிட்டாராம். இப்ப மௌன அஞ்சலியை யாரு நடத்துவா?"

"அதை நீங்க பாத்துக்கிடுங்க. புவனேஸ்வர் லிஸ்ட் எங்க?"

"என் ஃபைல்ல இருக்கு. டைரக்டர் கையெழுத்துக்கு..."

"டைரக்டர் நித்திரையில இருக்காரு. துணை டைரக்டர் விலங்குல இருக்காரு. கையெழுத்துப் போட நீங்கதான் மிச்சம். அமைச்சர் வரும்போது இந்த மைக் ஆன்லதான் இருக்கும். சிண்டிகேட் மெம்பர் மகளுக்க பேரு லிஸ்ட்ல எப்படி வந்துச்சுன்னு அவருக்கு முன்னாலயே உங்ககிட்ட நாலு கேள்வி கேக்கலாம்னு இருக்கேன்."

ஹரிகுமார் பேனாவை எடுத்தார். எட்டு மீட்டர் அடிக்கப்பட்டது. பதிமூன்று மீட்டர் எழுதப்பட்டது.

ஷைஜா பட்டியலை வாங்கித் தன் பெயரைத் தடவிப் பார்த்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"அதெல்லாம் வேண்டாம் பிள்ளே," என்றாள் அழகியநாயகி. "போய் எறி. அந்த ஊரு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் வந்து சொல்லு."

போன் அடித்தது. ஜினோ!

"மேடம், ஜாஸ்பர் சாரு போனை எடுக்க மாட்டேங்காரு. பக்கத்துல இருந்தா ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லணும்."

"என்னது?"

"போன வாரமே ஆறு ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொன்னாரு. 'இயக்குநராகப் பொறுப்பேற்கும் ஜாஸ்பர் அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்'னு. நேத்து சாயங்காலம் கூப்பிட்டு, கட்டாத, சுருட்டி வையின்னாரு. இன்னைக்குக் காலத்த ஆறு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டு, எல்லாத்தையும் கட்டிருன்னாரு. எங்க கட்டணும்னு சொல்லல்ல."

அழகியநாயகி ஜீப்பைப் பார்த்தாள். பின் சீட்டில் ஜாஸ்பர், தலையைக் குனிந்து, கைவிலங்கோடு.

"ஸ்டேஷனுக்குக் கொண்டு வா, ஜினோ. சாரு அங்கதான் பொறுப்பேக்கப் போறாரு."